சட்டையில் பீடி நாத்தம் இல்லை

மாமா,

சட்டியில நெத்திலிக் கொழம்பு கீது, சூடு பண்ணி சாப்டு. நான் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போறேன்.

தவக்காலத்துக்குன்னு பீடிய வுட்டதுலருந்து எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு வுழற. நேத்து தட்ட வேற வீசின. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் கீது.

காலையில உன் ஹார்பர் வேலை சட்டையத் தொவைக்கறதுக்கு முன்னாடி வழக்கம்போல மோந்து பாத்தேன், திருட்டுத்தனமா புடிச்சியான்னு. நாத்தமே இல்ல. சந்தோசம் வரல மாமா. எவனோ ஒருத்தன் சட்டையத் தொவைக்கற மாதிரி இருந்துச்சு, அழுதுட்டேன். பீடி உன்னப் புடிச்சிகினு கீது. உன்னக் கையும் களவுமா புடிக்கற பழக்கம் என்னப் புடிச்சிகினு கீது.

பிலோமினா

தீப்பெட்டி உப்பு ஜாடிக்குப் பின்னால கீது. அடுப்புக்கு மட்டுந்தான்.

ஈஸ்டர் அன்னிக்கு ஒரு கட்டு பீடி நானே வாங்கியாறேன். மறுநாள் சட்டைய மோந்து பாத்துத் திட்டுவேன்.