ஓட்டோ நறுக்கிய வெங்காயம்

இறைவன் துணை

செகெட்
திங்கட்கிழமை காலை

அன்புள்ள ஆரோனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் போரோக்காவும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மிர்யாம் கணிதத் தேர்வில் தேறிவிட்டாள், எப்படி என்று கேட்டால் சிரிக்கிறாள். ஜெபக்கூடத்தின் கூரை வேலை பாதியில் நிற்கிறது, போன வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கம் இரண்டு வாளி வைத்தோம், சொட்டுகிற சத்தத்தில் ஜெபம் பின்னால் போய்விட்டது. பெர்கனுக்கு மே மாத விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கே உன் கையால் நான் சாப்பிட முடியுமா என்பது நேற்று வரை எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. இப்போது அது ஒன்றுதான் கேள்வி. தொலைபேசியில் கேட்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து "அம்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

நேற்று மாக்கோவுக்குப் போனோம். போரோக்காவின் அப்பா ஓட்டோவுக்கு அறுபது வயது, சொந்தக்காரர் முழுவதும் வந்திருந்தார்கள். நீங்கள் இருவரும் இல்லாததால் உங்களுக்குப் பதிலாக நாங்கள், அப்படித்தான் போரோக்காவின் அம்மா பிரோஷ்கா அழைத்தாள். கல்யாண விஷயத்தில் நீயும் போரோக்காவும் என்ன முடிவு செய்யப் போகிறீர்கள் என்பது வேறு கவலை. அதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். இதில் இடம் இல்லை.

பிரோஷ்கா ஒரு மாதமாக எனக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். கடைக்காரன் தன் கத்தியால் கெண்டை மீனின் செதிலை எடுக்கவே கூடாது, முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து தானே எடுப்பதாகச் சொன்னாள். புதிய தட்டு, புதிய பலகை, புதிய கத்தி, காகிதத் தட்டுகள். சட்டப்படி ஓவனை நம் ஆட்களில் ஒருவர்தான் பற்றவைக்க வேண்டும் என்றதும் "நொயேமி, நீங்களே வந்து பத்த வைங்க, பொத்தானைத் துடைச்சு வைக்கிறேன்" என்றாள். நான் என் வாழ்நாளில் வேறொருவர் வீட்டு ஓவனின் முன்னால் அவ்வளவு மரியாதையாக நின்றதில்லை. பொத்தானைத் திருகினேன், நெருப்பு வந்தது, பொட்டலத்தை என் கையாலேயே உள்ளே வைத்தேன். அவர்கள் ஓவனின் வாடை மீனைத் தொடாதபடி அலுமினியத் தாள் இரண்டு சுற்று. "மீனுக்குக் குளிரப் போகுதேன்னு மூணாவது சுத்தும் போடலாம்னு பார்த்தேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். இந்தப் பெண் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

முற்றத்தில் கொப்பரையில் பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் காருக்குப் பின்னால் மூன்று கார்கள். சாப்பாட்டு அறையில் நீள மேசை, எங்களுக்குச் சுவரோரப் பலகை, நடுவில் இடம். நான் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஏழெட்டுப் பேர் எழ வேண்டும், மறுபக்கம் ஓட்டோவின் அத்தை, அவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். முதுகுக்குச் சுவர். வயிற்றுக்கு மேசை. உட்கார்ந்தவுடனே கதவைத் தேடுகிற பழக்கம் எனக்கு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. மனிதர்கள் நம்மிடம் அன்பாக இருக்கும் இடத்தில்தான் அதிகமாகத் தேடுகிறேன்.

ஓட்டோவின் தம்பி கேசா எதிரே. ஒரு கோப்பை பிளம் சாராயத்துக்கு அப்புறம் அவர் வாய் திறந்தது. "எந்த்ரே, பன்னியும் இல்ல, நண்டும் இல்ல, அப்ப யூதங்களுக்குப் பல்லு எதுக்கு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு "உங்க ஜோக்கைக் கடிச்சுத் துப்ப" என்றார். மேசை அதிரச் சிரித்தார்கள். ஓட்டோ எழுந்து வந்து அப்பாவின் தோளில் தட்டி "சம்பந்தி, இவனை நாப்பது வருஷமா நான் கடிச்சுத் துப்பிக்கிட்டு இருக்கேன், தீர மாட்டேங்கறான்" என்றார். சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டு அப்பா என்னைப் பார்த்தார். நான் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

மற்றவர்களுக்கு எல்லாம் பரிமாறி முடிந்த பிறகு பிரோஷ்கா எங்கள் மீனைத் தனியாகக் கொண்டுவந்தாள். ஊர்வலம் போல. தாளைப் பிரித்ததும் ஆவியோடு வெங்காய வாசனை. மீனின் அடியில் கனமான வெள்ளை வளையங்கள், ஓரம் பொன்னிறமாக. ஓட்டோ மேசைத் தலையில் நின்றுகொண்டு "மீன் என் பொண்டாட்டி பண்ணது. வெங்காயம் நான். இந்த வருஷத்து வெங்காயத்துலயே ராஜா அது, யாரையும் தொட விடல, இதாலயே நறுக்கினேன்" என்று சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா வைத்திருந்த கத்தியாம். காட்டிவிட்டு அதே கத்தியால் தன் தட்டிலிருந்த உப்பிட்ட பன்றிக் கொழுப்பில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

நீ மறந்திருந்தால் நினைவுக்கு வரட்டும் என்று எழுதுகிறேன். வேறு எதை நறுக்கியிருந்தாலும் கழுவினால் தீர்ந்துவிடும், ஏதாவது வழி இருக்கும். காரமான பண்டத்துக்கு அது கிடையாது. வெங்காயம் கத்திக்குள் ஊறியிருப்பதையெல்லாம் இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பன்றிக் கொழுப்பு வெட்டும் கத்தியால் நறுக்கிய வெங்காயம் நமக்குப் பன்றிக் கொழுப்புதான். அதன் மேல் கிடந்து வெந்த மீனும் அதுதான். ஜெபக்கூடத்து ரபியிடம் கேட்டால் நூறு கணக்குப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார். ரபி செகெட்டில் இருந்தார். நான் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வெளியே எங்கே சாப்பிட்டாலும் நான் முள்கரண்டியை எடுத்த பிறகுதான் நீங்கள் எடுப்பீர்கள். யாரும் எதுவும் கேட்க வேண்டாம், யார் மனமும் நோக வேண்டாம், அம்மாவின் கையைப் பார்த்தால் போதும். நல்ல ஏற்பாடு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நேற்றுத்தான் தெரிந்தது, அது எப்போதும் என் ஒருத்தியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுகிற ஏற்பாடு. அப்பா கத்தியைக் கவனிக்கவில்லை, கேசாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மிர்யாம் விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரோஷ்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுவதும் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கை போனது. கரண்டியைத் தொட்டது. பிளாஸ்டிக் கரண்டி, எடையே இல்லை. தூக்கினால் உன் அப்பாவும் தங்கையும் என்னை நம்பிச் சாப்பிடுவார்கள். தூக்காவிட்டால் அறுபதாவது பிறந்தநாளில் தன் சொந்தக்காரர் முன்னால் ஒரு மனிதனின் முகத்தை அவமானத்தில் நான் வெளுக்க வைக்கிறேன். அதுவும் பாவம் என்றுதான் எழுதியிருக்கிறது, இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று. இரண்டு பக்கமும் சட்டம். நடுவில் ஒரு மீன், ஆறிக்கொண்டிருக்கிறது. வயிற்றுவலி என்று சொல்லலாமா என்று நினைத்தேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "ஓட்டோ, உங்க வெங்காயம் கொஞ்சம் மந்தமா இருந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்போம். இவ்வளவு காரமானது கத்தியில இருக்கறதை எல்லாம் உறிஞ்சிடும். எங்க சட்டத்துல இதுக்குன்னே தனியா எழுதி வச்சிருக்காங்க" என்றேன். பிறகு ஓட்டோ கத்தியைப் பார்த்தார், கொழுப்பைப் பார்த்தார், முகம் மெல்ல விரிந்தது. "கேட்டியாடா கேசா! என் வெங்காயத்தைப் பத்தி சட்டத்துலயே எழுதியிருக்காம்! உன் முள்ளங்கியைப் பத்தி எவனாவது எழுதியிருக்கானா?" என்று கத்தினார். முள்ளங்கியும் அதே பட்டியல்தான், நான் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் மூச்சு விட்டேன். கதவு கொஞ்சம் திறந்தது போல.

பிரோஷ்கா மட்டும் சிரிக்கவில்லை. மீன் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். மெதுவாக, எனக்கு மட்டும் என்று நினைத்துச் சொன்னாள், ஆனால் சிரிப்பு ஓய்ந்த நேரம், எல்லோருக்கும் கேட்டது. "நான் கேட்டேனே நொயேமி. வியாழக்கிழமை ஆரோனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இவர் தன் கத்தியாலதான் நறுக்குவேன்னு அடம் பிடிக்கிறாரு, அந்தக் கத்தி எதெதுக்குப் போகும்னு உனக்கே தெரியும், பண்ணலாமாப்பான்னு. வெங்காயம்தானே ஆன்ட்டி, பரவாயில்லைன்னானே."

கதவு சாத்திக்கொண்டது.

உனக்குப் பத்து வயது இருக்கும். இறைச்சியோடு பால் சேரக்கூடாத நம் வீட்டில், இறைச்சிக் கத்தியால் வெங்காயம் நறுக்கி வெண்ணெய்ச் சட்டியில் போட்டுவிட்டாய். அழுதுகொண்டே அந்தச் சட்டியை நீயே தூக்கிக்கொண்டு அப்பாவோடு ரபி வீட்டுக்குப் போனாய். திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் எங்களுக்கெல்லாம் வெங்காயப் பாடம் நடத்தினாய். பால்காரரைக் கூட விடவில்லை. ஆகவே உனக்குத் தெரியாது என்று என்னால் நினைக்க முடியவில்லை. நினைக்கப் பார்த்தேன். அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவோ பார்த்தேன். அப்பா தன் கரண்டியை மேசையில் வைத்தார். அவர் அதை எடுத்திருக்கவே இல்லை, ஆனாலும் எடுத்து வைத்தார். நீ தவறு செய்தாய் என்று சொன்னால் அவர்கள் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறேன். நீ சொன்னது சரி என்றால் மீனைச் சாப்பிட வேண்டும். "அவன் மறந்திருப்பான்" என்றேன். பிரோஷ்கா தலையாட்டினாள். அவள் நம்பவில்லை. நான் நம்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தாய்மார் இருவரும் ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது ஓட்டோ வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் தோல் உரிக்காத வெங்காயங்கள், மண் ஒட்டியிருந்தது. ஒன்றை மேசைத் துணி மேல் எங்களுக்கு எதிரே வைத்தார். "கத்தியே வேண்டாம், இதுக்கு உங்க சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டு முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து. கோப்பைகள் துள்ளின. வெங்காயம் நான்காகப் பிளந்தது. அவர்கள் அப்பன் பாட்டன் எல்லாம் வயலில் அப்படித்தான் உடைப்பார்களாம். மிர்யாம் தோலை உரித்து, பையிலிருந்து நம் ரொட்டியை எடுத்து, என்னைப் பார்த்தாள். நான் ஒரு துண்டை எடுத்து உப்பில் தொட்டுக் கடித்தேன். அப்புறம் அப்பா. அப்புறம் அவள். அவ்வளவு காரம். கண்ணிலிருந்து கொட்டியது. ஓட்டோ "பாரு பாரு, சம்பந்தியம்மா அழறாங்க, அதான் வெங்காயம்!" என்று குதித்தார். எனக்கு வசதியாகப் போயிற்று. நான் அங்கே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். கார்களை அவர்கள் எடுக்கும் வரை வேறு வழியில்லை. எல்லோரும் மிக நல்லவர்களாக நடந்துகொண்டார்கள்.

இருட்டில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாலம் தாண்டியதும் அப்பா "மே மாசம் அங்க என்ன சாப்பிடுவோம்?" என்றார். அவ்வளவுதான். மிர்யாம் பின்னாலிருந்து "அண்ணன் வீட்டுல எதை நம்பி?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ஆரோன், நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்துதான் இந்த மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டிருந்தாலும் நீ என் பிள்ளை, அதில் மாற்றமில்லை. ஆனால் நீ விட்டதை எனக்காகவும் சேர்த்து விட்டாய் பார், என்னைக் கேட்காமல், நான் இல்லாத இடத்தில், ஒரு சொல்லால். எனக்குத் தெரியாமல் போயிருந்தால் என்ன நஷ்டம் என்று நீ கேட்பாய். தெரியவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். உன் கையைப் பார்த்துச் சாப்பிட முடியாமல் போவதுதான் நஷ்டம் என்று தோன்றுகிறது. மே மாதம் உன் மேசையில் உட்காருவேன். இதைச் சாப்பிடலாமா என்று கேட்பேன். முடியாது அம்மா என்று சொல், பசியோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். தெரியாது என்று சொல், அதுவும் போதும். பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே.

பிரோஷ்காவுக்குப் போன் செய். பாவம், ஒரு மாத உழைப்பு. நீ தெரிந்தே சொன்னாய் என்று அவளிடம் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன். கம்பளிக் காலுறை தனியாக அனுப்புகிறேன், சாயம் போகும், வெள்ளைத் துணியோடு போடாதே. வெள்ளி மாலை அப்பா மிர்யாமின் தலையில் கை வைத்து ஆசி சொன்ன பிறகு உன் நாற்காலியின் முதுகில் கை வைத்து உனக்கும் சொல்கிறார். இந்த வாரமும் சொல்வார். ஆண்டவர் உன்னைக் காத்து, உன் பக்கம் முகம் திருப்பி, உனக்கு அமைதி தரட்டும். போரோக்காவுக்கும் என் அன்பைச் சொல்.

ஓட்டோ உனக்கென்று ஒரு பை வெங்காயம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மே வரை தாங்குமாம். கொண்டுவருகிறேன். கத்தி எதுவும் புதிதாக வாங்காதே, முஷ்டி போதும்.

உன் அம்மா
நொயேமி