குழல் வழியே வந்த குரல்

மாசி 3

பதிவு செய்த ஒலியைக் கூட்டித் தரும் முன்பெருக்கி வந்துவிட்டது. கடைக்காரரிடம் “வெற்றிடக்குழல் முன்பெருக்கி” என்று கேட்டேன், விழித்தார். “வால்வு செட்டா சார்?” என்றார். ஆம் என்று தலையசைத்தேன், தனித்தமிழில் தோற்றவனாக.

என் மேடைப்பேச்சு ஒன்றை ஓடவிட்டேன். கண்ணாடிக் குழல்களுக்குள் செங்கனல் ஏற ஏற, கரகரப்புத் தணிந்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து எழுவதுபோல் குரல் வந்தது. முன்புறம் ஒரு விசை. அதைத் தட்டினால் ஒலி குழல்களைத் தொடாமல் நேரே செல்லும். தட்டினேன். தொண்டை கட்டிய, மெலிந்த, முதிய குரல். யார் இவன்? உடனே குழலுக்கே திருப்பினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி: “மேடையில ஒப்பனையே கூடாதுன்னு முழங்குறீங்க. வீட்டுல குரலுக்குப் பவுடர் பூசுறீங்களே!”

மாசி 9

எங்கள் மன்ற மாநாட்டின் தொடக்கவுரை ஆண்டுதோறும் என்னுடையது. இம்முறை தம்பியின் பெயரும் அடிபடுகிறது. செயலாளர் ஞாயிறன்று வீட்டுக்கு வந்து, எங்கள் இருவர் பதிவையும் கேட்டு முடிவு செய்வாராம். தம்பிக்கு மகிழ்ச்சி: “அண்ணே, உன் புதுப் பெட்டியில என் பேச்சையும் கேக்கலாம்!”

மாசி 12, ஞாயிறு

செய்துவிட்டேன்.

என் பதிவு குழல் வழியே ஓடியது. தம்பியின் பதிவு தொடங்குமுன், தூசி துடைப்பவன்போல் கைக்குட்டையைக் கொண்டுபோய் விசையைத் தட்டினேன். என் கனத்த குரலுக்குப் பின் அவன் குரல் தகரம்போல் ஒலித்தது.

“சந்தேகமே இல்ல. ஐயாதான் பேசணும்” என்றார் செயலாளர்.

தம்பி சிரித்தான். “நான் இப்படிக் கீச்சுக் கீச்சுன்னா பேசுறேன்? இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே!”

மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தாள். விசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மாசி 13

மாலைக் கூட்டத்தில் வாய்மையைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள்.

மாசி 17

தம்பி மனைவி தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, இனிமே மேடையே ஏற மாட்டேங்கிறார். கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாக்குறார், பாதியில நிறுத்திடுறார். நீங்க சொன்னாத்தான் கேப்பார்.”

சொல்கிறேன் என்றேன். எதைச் சொல்வது? சொல்ல எனக்கு வாய் ஏது? — என்னடா பண்ணித் தொலைச்சிருக்க நீ? கூடப் பொறந்தவன்டா!

மாசி 18

செயலாளரையும் தம்பியையும் வரவழைத்தேன். இம்முறை இருவர் பதிவையும் குழலைத் தவிர்த்து ஓட்டினேன். முதலில் என்னுடையது: அந்த முதிய குரல். அடுத்து அவனுடையது. என் மெலிந்த குரலுக்குப் பின் அதே பதிவு அறையை நிறைத்தது.

“அன்று விசையைத் திருப்பியவன் நான்தான்” என்றேன்.

செயலாளர் செருமிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். தம்பி எழுந்து வந்து பெட்டியின் விசையைத் தொட்டுப் பார்த்தான்.

“என்னைக் கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே, அண்ணே.”

பங்குனி 2

மாநாடு. தொடக்கவுரை தம்பியுடையது. கடைசி வரிசையும் எழுந்து நின்றது. முன்வரிசையில் நான், உள்ளங்கை எரியக் கைதட்டினேன்.

மேடையிறங்கி வந்து எல்லாருக்கும் கைகொடுத்தான். என் முறை வந்தது. கைகூப்பினான்.

“வணக்கம்ங்க, ஐயா” என்றான்.