எங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள்

ஜூலை 14, 2024, ஞாயிறு

இன்று அப்பா எங்களைக் கரமனைக்குக் கூட்டிப்போய் எங்கள் வீட்டைக் காட்டினார். வெளியிலிருந்துதான். புதன்கிழமையே பத்திரம் பதிந்தாயிற்று. ஆற்றுக்கு இறங்கும் சந்தில் மூன்றாவது வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி, பின்பக்கம் ஒரு கொய்யா மரம். வாசலில் வேறு யாருடைய செருப்புகளோ கிடந்தன. அம்மா அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே குடியிருப்பவர்கள் மார்த்தாண்டத்துக்காரர்கள். செல்வின் அண்ணன் ஹோட்டலில் பரோட்டா போடுகிறார். அவர் மனைவி அஜிதா அக்கா வீட்டிலேயே சமைத்து, வாழையிலையில் பொதிச்சோறு கட்டி, அலுவலகங்களுக்குக் கொடுத்து அனுப்புகிறார். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் மே மாதமே முடிந்துவிட்டது. புதுப்பிக்கவும் இல்லை, போகவும் இல்லை. வீட்டை விற்ற ராமசுப்ரமணியன் சார், "நல்ல மனுஷா. ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவா" என்றாராம். அப்பா அதை நம்பித்தான் வாங்கினார்.

சாலைக் கடைத்தெருவில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறையை அடுத்த மார்ச் முடிவதற்குள் விட்டாக வேண்டும். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். எட்டு மாதம் இருக்கிறதே, அதற்குள் எல்லாம் சரியாகும் என்கிறார் அப்பா. பதினாறு வருஷமாக இந்த மலையாள ஊரில் மற்றவர்கள் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். தன் வீட்டுக்கு என்ன நிறம் போடுவது என்று இப்போதே யோசிக்கிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பால் காய்ப்பு முடிந்தது. அடுத்தவர்கள் அடுப்பில்.

ஆவணியில் இந்த நாளை விட்டால் அம்மாவின் ராசிக்கு வேறு நாள் இல்லை என்று ஊர் ஜோசியர் சொல்லிவிட்டார். அவர்கள் போகட்டும், பிறகு காய்ச்சலாம் என்று நான் சொன்னேன். பால் பொங்கிவிட்டால் வீடு நம்முடையதாகிவிடும், அவர்களும் தானாகப் போய்விடுவார்கள் என்று அப்பா நினைத்தார் போல. அப்பா போய்க் கேட்டதும் அஜிதா அக்கா மறுக்கவில்லை. விடியும் முன்பே அடுப்பைத் தேய்த்துக் கழுவி, தன் பாத்திரங்களை எல்லாம் பின்வாசலுக்கு மாற்றி வைத்திருந்தார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. துடைத்தது அவர்தான். வந்தவர்களுக்குத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். சங்கரன்கோவில் பெரியம்மா சும்மா இருக்கவில்லை. "நாச்சியாரு, இதுல யாரு வீட்டுக்காரி, யாரு வாடகைக்காரி?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டார். அஜிதா அக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும். நாங்கள் மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அம்மா ஒரு முடிவு செய்துவிட்டார். பால் காய்ச்சிய வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு இல்லாமல் இருக்கக் கூடாது. ஆகவே தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்திலிருந்து என்னையும் அழைத்துக்கொண்டு கரமனைக்குப் போனார்.

அவர்கள் வேதக்காரர்கள். முன்னறையில் ஏசு படம் இருக்கிறது. நாங்கள் தயங்கி நின்றோம். அஜிதா அக்கா ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து சன்னல் பக்கம் போட்டார். "இவிட ஏத்துங்க அக்கா. காத்து அடிக்காது." விளக்கு எரிந்து முடியும்வரை இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஐந்தாவது வெள்ளி. இரண்டு மாதம் என்று சொன்னது கடந்துவிட்டது. அவர்கள் வீடு பார்க்கிறார்களாம். பொதிச்சோறு கொடுத்துவிட வசதியாக, பஸ் போகிற இடமாக வேண்டும். கிடைக்கவில்லை. அக்கா எனக்கு மட்டும் ஒரு மீன் துண்டு தனியாக எடுத்து வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, இவர்கள் எப்போது போவார்கள் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 19, சனி

நூலகத்தில் வாடகைச் சட்டம் பற்றிய மலையாளப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். அப்பாவுக்கு மலையாளம் பேசத்தான் வரும். வீட்டுக்கு வரும் கடிதம், ரசீது, பத்திரம் எல்லாம் வாசிப்பது நான்தான். ஆகவே இதையும் நான்தான் வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டேன், தவறில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதற்காகக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. நீதிமன்றம் போக வேண்டும். அதிலும், குடியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்கியவர், தான் வசிக்க வேண்டும் என்று மனுக் கொடுக்க, பத்திர நாளிலிருந்து ஒரு வருஷம் கழிய வேண்டும். எங்களுக்கு அடுத்த ஜூலை. மனு கொடுக்கவே ஜூலை. அறையை விட வேண்டியது மார்ச்.

அப்பாவிடம் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது. "சரி. இத அம்மாகிட்டகூடச் சொல்லாத. அங்க குடியிருக்கவங்களுக்குத் தெரியாத வரைக்கும் நமக்கு நல்லது."

அக்டோபர் 25, வெள்ளி

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கடையில் தீபாவளிக் கூட்டம். என்னைத் தனியாக அனுப்பினார். விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால் அஜிதா அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார், அழுது முகம் வீங்கியிருந்தது. வீட்டை முடித்துக் கொடுத்த புரோக்கர் பால்பாண்டி வந்தாராம். இந்த மாதம் முடியட்டும், போலீஸ் வந்து சாமான்களைத் தெருவில் எறியும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"மோளே, நீ வாசிக்குத பிள்ளை. சொல்லு. போலீஸ் வருமா?"

வராது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? பொய் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறாரே என்ற கோபம். எனக்குத் தெரிகிறதே என்ற பெருமையும் இருந்தது, இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. ஒரு வருஷக் கணக்கு முழுவதையும் சொல்லிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வரும்போது இரண்டு பொதிச்சோறு கொடுத்துவிட்டார். அப்பா ருசித்துச் சாப்பிட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

செல்வின் அண்ணன் அப்பாவை வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார்: ஜூலை வரை அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, நல்ல வீடு கிடைத்தால் போவார்கள், இல்லையென்றால் இல்லை. பூஜப்புரையில் ஒரு வீட்டுக்குப் போன வாரம் முன்பணம் கொடுக்க இருந்தார்களாம், சின்ன அடுப்படி என்று இப்போது வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"எந்த வக்கீலோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

பால்பாண்டி வந்திருந்தார். நான் கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். "வன்னியராஜ், நீ டைல்ஸ்காரன்தான? உன் வீடு, உன் தளம். மராமத்துன்னு சொல்லி அடுப்படியக் கொத்திப் போடு. சோறு பொங்க எடம் இல்லாம எத்தன நாளு இருப்பா?"

அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கொத்திப் போட்டுவிட்டார்.

அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். பின்கதவுக்கு ராமசுப்ரமணியன் சார் கொடுத்த சாவி அப்பாவிடம் இருந்தது. உடைக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து குளித்தார். தலைமுடியில் சிமெண்ட் தூசி போகவில்லை, இரண்டாம் முறையும் குளித்தார். அம்மா யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். இனி விளக்கு ஏற்ற எந்த முகத்தோடு போவது என்று கேட்டு அழுதார்.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளி விட்டதும் கரமனையில் இறங்கினேன். சந்துக்குள் போகவில்லை. பின்பக்கத்து மதிலுக்கு வெளியே நின்றேன். மழை. கொய்யா மரத்தில் தார்ப்பாய் கட்டி, மூன்று கல் வைத்து, அக்கா நாளைக்கான குழம்பை வைத்துக்கொண்டிருந்தார். புகை எழும்பாமல் தார்ப்பாய்க்குள்ளேயே சுற்றியது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கிளறினார். அப்போதும் குழம்பு வாசனை நன்றாகத்தான் இருந்தது.

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர் இந்நேரம் பூஜப்புரையில் சமைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் எங்கள் வீட்டில் இருப்போம். ஆனால் அவருக்குத் தெரியாததை வைத்துக்கொண்டு, பயமுறுத்தி — அது மட்டும் சரியா? எதை எடுத்தாலும் ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, ஒரு பக்கம் தவறாக இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார், நான் பின்னால் நின்று சொன்னேன்.

"அவ கேட்டாளா, நீயாச் சொன்னியா?"

"போலீஸ் வருமான்னு கேட்டாங்க. வராதுன்னு சொன்னேன். மத்தது எல்லாம் நானாச் சொன்னது."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான உன்னப் படிக்க வச்சேன். நீ அவளுக்கு வாசிச்சுக் குடுக்கியா?"

அக்கா மழையில் சமைப்பதை மட்டும் சொன்னேன். தார்ப்பாய், மூன்று கல், புகை. சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 29, வெள்ளி

அப்பா என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் ஆகிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் "கெளம்பு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆட்டோவில் டைல்ஸ் பெட்டிகள், சிமெண்ட், அவருடைய வேலைப் பை. எங்கள் வீட்டுக்கு என்று போன மாதமே எடுத்து வைத்திருந்த டைல்ஸ்.

செல்வின் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இனி எத ஒடைக்க வந்திய?"

அப்பா பையைக் கீழே வைத்தார். "செஞ்சது தப்பு. தளத்த இப்படிப் போட்டுட்டு நான் எந்த வீட்டுலயும் எறங்கினது இல்ல. சரி பண்ணிட்டுப் போயிருதேன்."

"எங்களுக்காகவா?"

"உங்களுக்காக இல்ல. தளத்துக்காக."

"தளம் வந்து கேட்டுதாக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒதுங்கினார். சிரிக்கவில்லை.

நாள் முழுவதும் வேலை. நான் நூலைப் பிடித்தேன். அப்பா மட்டம் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக இறக்கினார். கழிவு நீர் போகும் மூலைக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத சரிவு வைத்தார். மத்தியானத்துக்கு மேல் செல்வின் அண்ணன் யாரும் கேட்காமலே கலவை போட ஆரம்பித்தார். பரோட்டா மாவு பிசைகிற கை, கலவை கட்டியில்லாமல் வந்தது. அப்பாவே "நல்லாருக்கு" என்றார்.

நாளைவரை யாரும் மிதிக்கக் கூடாது என்றுவிட்டு வந்தோம். அஜிதா அக்கா என் பாவாடையில் ஒட்டியிருந்த சிமெண்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

செல்வின் அண்ணன் அப்பாவைப் பார்த்து, மார்ச் மாதத்துக்கு முன் போய்விடுவோம் என்று சொன்னாராம். ஜூலைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

மாதிரித் தேர்வு. வீடு இன்னும் கிடைக்கவில்லையாம். அடுப்படியில் தொழில் செய்கிறவர்களுக்குத் தர யாரும் தயாராக இல்லையாம். இங்கே எங்கள் கட்டடத்தில் மேல் மாடியைக் காலி செய்துவிட்டார்கள். மேலிருந்து சத்தமே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாலையில் செல்வின் அண்ணனும் அஜிதா அக்காவும் எங்கள் அறைக்கு வந்தார்கள். இங்கே வருவது முதல் தடவை. இடம் போதாமல் நான் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தேன். நேமத்தில் வீடு அமைந்துவிட்டது. மார்ச் முதல் தேதி போகிறார்கள். அம்மா திரும்பி நின்று காப்பி போட்டார், தோள் மட்டும் அசைந்தது.

செல்வின் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். நேமத்து வீட்டு ஒப்பந்தம். மலையாளத்தில் அச்சடித்தது. நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதை என்னிடம் தரவில்லை, அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கி, முதல் பக்கத்தை, இரண்டாம் பக்கத்தை, வாசிக்கத் தெரிந்தவர்போல் பார்த்தார். பிறகு என் மடியில் வைத்தார்.

"வாசிச்சுச் சொல்லு. ஒரு வரி விட்டுராத."

ஒவ்வொரு நிபந்தனையாக வாசித்துத் தமிழில் சொன்னேன். பதினோரு மாதம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடுப்படியில் விற்பனைக்குச் சமைக்கலாம் — அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார் அக்கா. ஒன்பதாவது: உரிமையாளர் வீட்டை விற்றால், குடியிருப்பவர் பதினைந்து நாளில் காலி செய்துவிட வேண்டும், வாங்குபவரிடம் எந்த உரிமையும் கேட்கக் கூடாது.

அதோடு நிறுத்திவிட்டேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்றார் அப்பா. "இந்த வரிய அடிச்சிட்டுத் தரச் சொல்லுங்க."

"வீட்டுக்காரரு முடியாதுன்னு சொன்னா?" என்றார் செல்வின் அண்ணன்.

"நானும் கூட வாரேன். நாளைக்கு வேலைக்குப் போகல." பிறகு என்னைப் பார்த்தார். "பத்தாவது என்ன போட்டிருக்கு? மேல வாசி."

வாசித்தேன்.