ரதம் திரும்பும் இடம்

பாக்கார் ஆராங்,
சுங்கைப் பட்டாணி.

அன்புள்ள கலை அப்பாவுக்கு,

நானும் கலைமகளும் நலம். நடுக்கடலில் எண்ணெய் மேடையில் நிற்கும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிடுகிறது. அதனால்தான் மீரிக்குத் திரும்பும் உங்கள் நண்பர் குகனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் பங்கு போடாமல் நீங்களும் சாப்பிடுங்கள்.

நம் வீட்டு முன்சாலையை ஆறு தடமாக அகலப்படுத்துகிறார்கள். ஓரத்து அங்சானா மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். மத்தியானம் வாசலில் கால் வைக்க முடியவில்லை. துணி காயப்போட்டால் செம்மண் நிறத்தில் திரும்பி வருகிறது. கலைக்கு இருமல் வந்தது, மருந்து கொடுத்தேன், இப்போது குறைந்துவிட்டது. பயப்படாதீர்கள். ஒரு நல்லதும் உண்டு. வாசல் லோங்காங் சாக்கடையை ஆழமாக வெட்டியதால் போன வார மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறவில்லை.

இவ்வளவு பெரிய சாலையைக் கடந்து பிள்ளை எப்படித் தமிழ்ப்பள்ளிக்குப் போவாள், இந்தப் பக்கமே இருக்கும் மலாய்ப்பள்ளிக்கு மாற்றிவிடு என்று சொன்னீர்கள். உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு மோட்டார் அவள் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது. அன்றே போய் பள்ளி மாற்றல் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் நிரப்பக் கை வரவில்லை. இப்போதுதான் தமிழில் கடைப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகள் கடக்க வழி கேட்டுப் பெற்றோர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். பெட்ரோல் நிலையத்தருகே மேம்பாலம் வரும் என்று பதில் வந்தது. அங்கே போக ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

கோயில்காரர்களுக்கு வேறு கவலை. நடுவில் தடுப்புச்சுவர் எழுப்பினால் திருவிழாவில் ரதம் கோயில் சந்துக்குள் திரும்ப முடியாது. ரதத்தைத் திருப்பிக் காட்டுகிறோம், இடத்தை அளந்து பாருங்கள் என்று தலைவர் ரவிச்சந்திரன் அண்ணன் சாலைப் பொறியாளரை அழைத்திருந்தார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு என்று நேரம் குறித்தவரும் அவர்தான். காலண்டரைப் பார்க்கவில்லை. பொறியாளர் வந்து நின்ற பிறகுதான் யாரோ ராகு காலம் என்றார்களாம். “மன்னிச்சுக்குங்க சார், ஒன்றரை வரைக்கும் ரதத்த அசைக்க மாட்டோம்” என்று அண்ணன் மலாயில் கெஞ்சினார். அந்த இளைஞர் நல்ல மனிதர். பரவாயில்லை என்று பிரேமாவதி அக்காவின் வடைக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளி விட்டது. பிள்ளைகள் வழக்கம்போல் அந்தச் சந்துக்கு எதிரே பள்ளத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓடி வந்தார்கள். ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பொறியாளர் பாதி வடையோடு சாலை நடுவில் பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டார். கடைசிப் பிள்ளை கடக்கும்வரை நகரவே இல்லை. கலை அவரிடம் “தெரிமா காசி, சார்” என்று நன்றி சொல்லிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

பிறகு ரதம் திரும்பியது, அளந்தார். ரதம் திரும்பச் சுவரில் இடைவெளி விட்டு, அதே இடத்தில் பிள்ளைகள் கடக்க விளக்கும் வெள்ளைக்கோடும் வேண்டும் என்று தானே எழுதிக்கொடுத்தார். நேற்று ஒப்புதல் கடிதம் வந்தது. விளக்கு வரும்வரை கொடி பிடிக்க ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். “நல்ல நேரம் பாத்து வரச் சொல்லியிருந்தா அவரு எதப் பாத்திருப்பாரு? அந்தக் காலண்டரக் கிழிச்சுப் போடுங்கண்ணே லா” என்று பிரேமாவதி அக்கா ரவி அண்ணனை விடாமல் கிண்டல் செய்கிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

பயம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவள் அங்கேயே படிக்கட்டும். இந்த முறையாவது லீவைத் தள்ளிப் போடாதீர்கள். ஒருநாள் காலையில் நீங்களே அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து பாருங்கள். அதன் பிறகும் மாற்று என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுகிறேன். அதற்காகவாவது வாருங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
உமாராணி