பூரிரி சாலை நிறுத்தத்தில் ஏறிய 573 பேரைக் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
தானியேலா ஹவேயா,
பேருந்து ஓட்டுநர் (தற்சமயம் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர்),
27, ரிமு தெரு, மாங்கரே, ஆக்லாந்து.

பெறுநர்
திட்டத் தலைவர் அவர்கள்,
தெற்கு விரைவுப் பேருந்துத் தடத் திட்ட அலுவலகம்,
ஆக்லாந்து.

பொருள்: பூரிரி சாலை நிறுத்தத்தை நீக்கும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வரைவுத் திட்டம், பக்கம் 88.
2. என் நிறுவனம் எனக்கு அனுப்பிய குற்றச்சாட்டுக் கடிதம் (நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய அம்மா,

1. மாங்கரேயிலிருந்து நகரத்துக்குப் போகும் பேருந்தைப் பதினான்கு ஆண்டுகளாக ஓட்டி வந்தேன். அந்தச் சாலையின் நடுவில் பேருந்துகளுக்கென்று தனித்தடம் அமைத்து, சிக்னலில் நிற்காமல் ஓடும்படி தாங்கள் திட்டமிட்டிருக்கிறீர்கள். அந்தச் சிக்னல்களில் பதினான்கு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இத்திட்டத்தை மனமார ஆதரிக்கிறேன்.

2. திட்டப்படி இப்போதுள்ள பதினோரு நிறுத்தங்கள் ஆறு நிலையங்களாகக் குறைகின்றன. நீக்கப்படுபவற்றில் பூரிரி சாலையும் ஒன்று. அங்கிருந்து அடுத்த நிலையம் மேட்டுப்பாதையில் 850 மீட்டர். நீக்குவதற்கான காரணம் 88ஆம் பக்கத்தில் ஒரே வரியில் உள்ளது: "நாளொன்றுக்கு ஏறுவோர்: 4." இந்த எண், பேருந்தில் ஏறுவோர் தங்கள் பயண அட்டையைத் தொட்டுச் செல்லும் முன்கதவுக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு என்னுடையது.

3. அந்த நிறுத்தத்துக்கு எதிரே சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மருத்துவ மையம் உள்ளது. வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து, பிறகு பேருந்தேறி வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். வெளியே வரும்போது தலை சுற்றும். ஊசி ஏற்றிய கையில் பாரம் தாங்கக் கூடாது. மற்ற கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும். அட்டையை எடுக்க மூன்றாவது கை தேவைப்படும்.

4. பதினோரு ஆண்டுகளுக்கு முன், அங்கே சிகிச்சைக்கு வரும் திருமதி லுபே ஃபாலோகோ என்ற சமோவா நாட்டு அம்மையார் முன்கதவருகே கைப்பையில் அட்டையைத் தேடும்போது விழுந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தேன். சமோவாக்காரர்களுக்கும் டோங்காக்காரர்களான எங்களுக்கும் ரக்பி ஆட்டத்தில் உள்ள பங்காளிச் சண்டையைத் தாங்கள் அறிவீர்கள். அந்த அம்மையார் நெற்றியைத் தடவியபடி, "டோங்காக்காரனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரியும். நிக்கிற வண்டியிலயே ஆளைத் தள்ளுவீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்தில் நடுக்கதவைத் திறந்தேன். அது அகலமானது, ஏறியவுடன் இருக்கை. முதலில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தவர்களை எழுப்பி அட்டையைத் தொடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற ஓட்டுநர்களும் இப்படிச் செய்தார்களா என்பது குறித்து எனக்கு எதுவும் தெரியாது.

5. சென்ற மார்ச் மாதம் தேவாலய மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அங்கே ஏறுகிறவர்கள் நான்கு பேர் அல்ல, பல மடங்கு என்று சொன்னேன். தங்கள் பொறியாளர் திரு. ஹேமிஷ் டோரன் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றத நம்புறேங்க. ஆனா கணக்குல இல்லாத ஆளுக்கு நான் நிலையம் கட்ட முடியாது. அவங்க ஏறினாங்கன்னா கருவியில ஏன் விழல?" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அங்கே வைத்திருந்த சாசேஜ் ரோல் என்ற இறைச்சிப் பலகாரம் இரண்டைத் தின்றேன். இதை மறைக்க விரும்பவில்லை.

6. பக்கத்தில் இருந்த திருமதி லுபேவுக்குக் காரணம் தெரியும். வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, வாயைத் தொறக்காத. உனக்கு நாலு புள்ளைங்க. நான் மேல நடந்து போய்க்கிறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாக எண்ணினேன். அடுத்த வியாழனன்று சிகிச்சை முடிந்ததும், புதிய நிலையம் வரப்போகும் இடம் வரை நடந்து பழகப் புறப்பட்டிருக்கிறார். 850 மீட்டருக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டு வீட்டு மதிற்சுவர்களில் உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஆம்புலன்ஸையும் அழைத்தார். மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது அந்த அம்மையார் சொன்னது: "நடக்க முடியுது தம்பி. என்ன, திரும்பி வர்றதுக்கு நாலு நாள் ஆவுது."

7. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, இதை என்னிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்டாள். எனவே ஏப்ரல் மாதம் நடந்த இரண்டாம் கூட்டத்தில் எழுந்து, நடுக்கதவைத் திறந்தவன் நானே என்று அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். திரு. டோரன் வருத்தப்பட்டார். வாய்வார்த்தையைத் தரவாக ஏற்க விதியில்லை என்றும், எழுத்துப்பூர்வமான ஆதாரம் வேண்டும் என்றும் தெரிவித்தார். அவரை நான் குறை சொல்லவில்லை.

8. அந்தக் கூட்டத்தில் என் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரும் இருந்தார். நிறுவனத்தார் என் வண்டியின் கேமராப் பதிவை ஆறு வாரங்களுக்கு, அதாவது முப்பது பணி நாட்களுக்கு, எடுத்து, நாளும் நேரமும் குறித்து, ஒவ்வொருவராக எண்ணியிருக்கிறார்கள். பூரிரி சாலையில் நடுக்கதவு வழியாக அட்டை தொடாமல் 573 பேரை ஏற்றினேன் என்பது குற்றச்சாட்டு. என் ஒரு வண்டியில் மட்டும் நாளொன்றுக்குப் பத்தொன்பது பேர். மே மாதம் முதல் எனக்கு வேலை இல்லை. இம்மாதம் 29ஆம் தேதி விசாரணை.

9. அக்கடிதத்தை நான் பலமுறை படித்தேன். மிகக் கவனமாகத் தயாரிக்கப்பட்டது. அந்த மக்கள் பேருந்தில் ஏறினார்கள் என்று எழுத்தில், முத்திரையோடு, ஓர் அலுவலகம் சொல்வது இதுவே முதல் முறை. திரு. டோரன் கேட்ட ஆதாரமாக அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

10. தங்கள் அறிக்கைப்படி அங்கே நான்கு பேர்தான் ஏறுகிறார்கள் என்றால், நான் யாரையும் விதி மீறி ஏற்றியிருக்க முடியாது. என்னை வேலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் கடிதப்படி 573 பேர் ஏறினார்கள் என்றால், அவர்களுக்கு நிலையம் வேண்டும். இரண்டில் எது உண்மை என்று முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை. இரண்டாவதுதான் உண்மை என்று விசாரணையில் நானே சொல்லப் போகிறேன். அதனால் வேலை போகும் என்று தொழிற்சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, என் தண்டனையில் தலையிடும்படி நான் கேட்கவில்லை. என் மீதுள்ள குற்றச்சாட்டு நிரூபிக்கப்படும் நாளிலேயே, அந்த 573 பேரையும் பயணிகளாக ஏற்று, 88ஆம் பக்கத்தைத் திருத்தி, பூரிரி சாலை நிலையத்தைத் திட்டத்தில் சேர்க்கும்படி பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: மாங்கரே
நாள்: 14.08.2023

இவண்,
(ஒப்பம்)
தானியேலா ஹவேயா

இணைப்பு: குற்றச்சாட்டுக் கடிதம், 31 பக்கங்கள். இருப்பது இந்த ஒரு நகல்தான். விசாரணைக்கு முன் திருப்பி அனுப்பினால் உதவியாக இருக்கும்.