பாதாம் சாப்பிடச் சொன்ன வகுப்பு

வியாழன், இரவு

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மூன்று நாள் ஊட்டச்சத்து வகுப்பு இன்றோடு ஒழிந்தது. நடத்த வந்த நிபுணரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இன்று பயிற்சிக்காக வகுப்பில் உட்காரவைத்திருந்த, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சர்க்கரை நோயாளி அம்மாவிடம் நிபுணர் தந்த உணவு அட்டவணையைப் படித்துக் காட்டினேன். ஓட்ஸ், ஆப்பிள், பாதாம்.

"நான் மல்லாட்டை புடுங்கப் போறவ. பாதாமுக்கு எங்கம்மா போவேன்?"

"அப்ப மல்லாட்டையே ஒரு கைப்பிடி வேகவச்சு சாப்பிடுங்கம்மா" என்றேன். பாதாமுக்கு வேர்க்கடலை ஒன்றும் குறைந்ததில்லையே.

"டாக்டரம்மா புதுசா சார்ட் போடறாங்க" என்று நிபுணர் சிரித்தார். வகுப்பே சிரித்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

பின்னால் ஓடிப்போய், சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ள வகுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது இந்த டைரியில் என் கையெழுத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது.