மாயக்காள் யோசித்துக்கொண்டிருந்தாள்

ஊமத்தம்பட்டி,
அலங்காநல்லூர் வழி,
14.3.1982

அன்புள்ள அண்ணன் காசிமாயன் அவர்களுக்கு, தங்கை முத்துத்தாய் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். பட்டாளத்தில் நீங்களும் சுகமாக இருக்க அழகர் துணை நிற்கட்டும்.

சுகம் விசாரித்தாயிற்று. இனிமேல் கோபமாகத்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. மதினிக்கு வழக்கம்போல நான்தான் படித்துக் காட்டினேன். "மாயக்காள் இந்த வருஷமும் ஒன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுங்கள். படிப்பு ஏறாத பிள்ளை மாட்டையாவது பார்க்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. மதினி விடவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "எனக்கும் ஒத்தாசையாத்தான் இருக்கும்" என்றார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நீங்கள் பெற்ற ஏழு வயதுப் பிள்ளை அண்ணே. போன வருஷம் அவள் நின்றுபோனபோது நான் வேறு ஊரில் வேலை பார்த்தேன். போன ஜூனில்தான் இங்கே மாற்றல் வாங்கி வந்தேன். இப்போது அவளுக்கு டீச்சர் நான். படிப்பு ஏறுகிறதா இல்லையா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் வகுப்பில் நாற்பத்தேழு பிள்ளைகள். நூறு வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு என்றால் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். அந்த ஏழையே நெருக்கி வைத்தால் கொஞ்சம், தள்ளித் தள்ளி வைத்தால் சாஸ்தி என்பார்கள். அது அவர்கள் தப்பில்லை. அந்த வயதுக்குக் கண் சொல்வதுதான் கணக்கு. தொட்டுப் பார்த்து, மாற்றி அடுக்கிப் பார்த்து, ஒரு நாள் தானாகத் தெளிவார்கள். பிரம்பைக் காட்டித் தெளிய வைக்க முடியாது. இதைச் சொன்னால் எங்கள் ஹெட்மாஸ்டர் ராமமூர்த்தி சார், "இன்ஸ்பெக்டர் வந்தா அவர்கிட்ட புளியங்கொட்டையையா காட்டப்போறீங்க?" என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. மதுரையிலிருந்து தினமும் வந்துபோகிறவர். மூன்று மணிக்கு மேல் அவருக்குப் பஸ் நினைப்புத்தான்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, இன்ஸ்பெக்டர் வந்தார். புதிதாக வந்திருக்கும் இளவயதுக்காரர். ஒப்பிக்கச் சொல்லவே இல்லை. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளைகளும் சமம் என்றார்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை அகலச் சட்டியில் ஊற்றிவிட்டு, இப்போது எதில் சாஸ்தி என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் "டம்ளர்லதான்" என்று கத்தியது. மாயக்காள் மட்டும் கத்தவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளை எழுப்பிக் கேட்டார். டம்ளரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஹெட்மாஸ்டர் குறுக்கே விழுந்து, "அது கொஞ்சம் மந்தம் சார், போன வருஷமே நின்னுபோச்சு" என்றார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். நானும் பேசாமல் நின்றேன். உங்கள்மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேலும் இருக்கிறது.

மதியம் எல்லாப் பிள்ளைகளும் சோற்றுக்கு ஓடிய பிறகு பார்க்கிறேன், இவள் ஒருத்தி அந்தச் சட்டித் தண்ணீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் சொன்னாள்: "ரெண்டும் அம்புட்டுத்தான் அத்தை. நாம கூட ஊத்தவும் இல்ல, கீழ கொட்டவும் இல்ல. அப்புறம் எப்படிக் கூடும்?"

பயிற்சிப் பள்ளியில் இதைப் பத்துப் பக்கத்துக்குப் பாடமாகப் படித்தோம் அண்ணே. எனக்கே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது. அவர் கேட்டபோதே சொல்லித் தொலைத்தால் என்னடி என்று கத்தினேன். "அப்ப யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள், நான்தான் மந்தம் என்பதுபோல.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டரின் ஸ்கூட்டர் போய்விட்டிருந்தது. ஹெட்மாஸ்டரோ, "பரீட்சை முடிஞ்சு வீட்டுக்குப் போய் எழுதுற பதிலுக்கு மார்க் உண்டாம்மா?" என்றார். நிறுத்திவைக்கும் பிள்ளைகளின் பட்டியலில் முதல் பெயர் நம் மாயக்காள். இரண்டு நாள் அவரோடு மல்லுக்கட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் பையை எடுக்கும் நேரத்தில் இவளைக் கூட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். நீங்களே ஏதாவது கேளுங்கள் சார், பஸ் போனால் போகட்டும் என்றேன்.

இரண்டு முழு சாக்பீஸ் எடுத்தார். ஒன்றை மூன்றாக ஒடித்து மேசையில் போட்டு, எது சாஸ்தி என்று கேட்டார். மாயக்காள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "இங்க மூணு இருக்குல்ல, அப்ப..." என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். "சார், சும்மா இருங்க" என்றேன். ஒரு ஹெட்மாஸ்டரைப் பார்த்து இப்படிச் சொல்வேன் என்று நானே நினைத்ததில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்துப் புறப்படும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவள் நிதானமாக மூன்று துண்டையும் முழு சாக்பீஸ் பக்கத்தில் ஒட்டி ஒட்டி அடுக்கினாள். "ஒண்ணுபோலத்தான் சார் இருக்கு. ஒடைச்சா எப்படிக் கூடும்?" என்றாள்.

அவர் அந்தத் துண்டுகளைத் தள்ளிவைத்து, திரும்ப ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார். "ரெண்டாம் வகுப்பு வாத்தியார் இம்புட்டு நேரம் காத்திருப்பாராம்மா?" என்று கேட்டார். அந்தக் கவலை இனிமேல்தான். ஆனால் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

ஆகையால் மாடு மேய்க்கும் பேச்சை விட்டுவிடுங்கள். மதினி உங்கள் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள். என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் நீங்கள். அந்த மனுஷரா இந்தக் கடிதத்தை எழுதினார் என்று இரண்டு தடவை கையெழுத்தைப் பார்த்தேன்.

நேற்று மதினி ஒரு விஷயம் சொன்னார்கள். போன சித்திரையில் லீவு முடிந்து கிளம்பும்போது, பஸ் நிறுத்தத்தில் மாயக்காளைத் தூக்கிக்கொண்டு, "அப்பா போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டீர்களாம். அவள் பேசவில்லையாம். பெற்ற அப்பனிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினீர்களாம். மதினி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாயக்காளும் பக்கத்தில் இருந்தாள். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். பதினோரு மாதம் கழித்து. மதினி எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அந்தப் பதிலை நான் இதில் எழுதமாட்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்து அவளிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் அண்ணே, கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைக் காணும்வரை கோபம் ஆறாத தங்கை,
முத்துத்தாய்